தொண்டைதான் முதல் வாத்தியம்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன். பிள்ளைக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்க நினைத்தவுடன் பலர் கீபோர்டு விலையைத்தான் விசாரிக்கிறார்கள். முதலில் பாடட்டும், வாத்தியம் பிறகு வரட்டும் என்றவர் ஹங்கேரியின் ஸோல்தான் கோடாய். 1882-இல் கெச்கெமேட் ஊரில் பிறந்த பெரிய இசையமைப்பாளர். இளம் வயதில் நண்பர் பேலா பார்டோக்கைப் போலவே கிராமம் கிராமமாக அலைந்து நாட்டுப்பாடல்களைச் சேகரித்தார். அந்தப் பாட்டுகளே பின்னாளில் அவருடைய பள்ளிப் பாடமாயின.

கோடாய் முறை வகுப்பில் என்ன நடக்கும்? டீச்சர் இரண்டே சுரங்களில் தொடங்குவார்: மேலே ‘சோ’, கீழே ‘மி’. நம் கணக்கில் பஞ்சமமும் அந்தர காந்தாரமும். ‘சோ’வுக்கு உள்ளங்கை மார்பைப் பார்த்து நிற்கும், ‘மி’க்குக் கை தரையைப் பார்த்துப் படுத்திருக்கும். குழந்தைகள் கையைப் பார்த்தே பாடிவிடுவார்கள். பாதிப் பாட்டில் டீச்சர் சைகை காட்டினால் வாயை மூடி மனசுக்குள் பாட வேண்டும். அடுத்த சைகைக்குச் சரியான இடத்தில் குரல் எழ வேண்டும். இந்த உள்காதுப் பயிற்சிதான் முறையின் உயிர் என்பேன். சுரம் எழுதுவதும் படிப்பதும் காதுக்குப் பழகிய பிறகே. நம் ‘ச’ எந்தச் சுருதியிலும் நிற்பதுபோல அங்கே ‘தோ’வும் இடம் மாறும், அதனால் பிள்ளையின் குரலுக்கு ஏற்ற உயரத்தில் பாடலாம்.

இதெல்லாம் கோடாயே கண்டுபிடித்ததல்ல. கை அடையாளங்கள் இங்கிலாந்தின் ஜான் கர்வனிடமிருந்து வந்தவை. இவற்றை வகுப்பறைக்கான பாடமுறையாக வடித்ததில் கோடாயின் மாணவர் யெனோ ஆடாமுக்குப் பெரிய பங்கு உண்டு. எல்லாக் குழந்தைக்கும் இசை உரிமை, குரல்வளம் உள்ளவர்களுக்கு மட்டுமல்ல என்ற பிடிவாதம் கோடாயுடையது. வாசிப்பும் கணக்கும் போல இசையும் முழு மனிதனை வளர்க்கும் பாடம் என்று நம்பினார். 1950-இல் அவர் பிறந்த ஊரிலேயே தினமும் பாட்டு வகுப்பு நடக்கும் தொடக்கப் பள்ளி ஒன்று உருவானது. அது சங்கீதப் பள்ளி அல்ல. கணக்கும் மொழியும் படிக்கிற சாதாரணப் பிள்ளைகளின் பள்ளி. அவர் 1967-இல் மறைந்தார். 2016-இல் யுனெஸ்கோ இந்த முறையைப் பண்பாட்டு மரபைக் காக்கும் நல்ல வழிகளுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கீபோர்டை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடுங்கள். உங்களுக்குத் தெரிந்த தாலாட்டையோ விளையாட்டுப் பாட்டையோ தினமும் பத்து நிமிடம் கூடவே பாடுங்கள்.