413 அடித்த மைதானம் எங்கே?

மெட்ராஸில் நடந்த டெஸ்ட் மேட்ச் எல்லாமே சேப்பாக்கத்தில்தான் என்று அடித்துப் பேசுபவர்கள் நம்ம ஹாஸ்டலில் நிறைய பேர். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் 1956 முதல் 1965 வரை ஒன்பது டெஸ்டுகள் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நடந்தன. இன்றைய ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் அதுதான்.

சும்மா ஒன்பது மேட்சா அவை? முதல் டெஸ்டிலேயே (1956 ஜனவரி, நியூசிலாந்துடன்) வினூ மன்கட் 231, பங்கஜ் ராய் 173. ஓப்பனிங் ஜோடிக்கு 413 ரன், உலக சாதனை! 2008-இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்மித்தும் மெக்கென்சியும் 415 எடுக்கும் வரை, 52 வருஷம் யாராலும் அதைத் தொட முடியவில்லை. இங்கிலாந்திடம் இந்தியா முதன்முதலாகத் தொடரை ஜெயித்த 1962-ஆம் ஆண்டின் கடைசி டெஸ்டும் இங்கேதான். 1964 ஜனவரியில் பாபு நட்கர்னி தொடர்ந்து 131 பந்துகளில் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன். (காசு கொடுத்துப் பார்க்க வந்தவங்க பாவம்!)

1967-இல் டெஸ்ட் மறுபடி சேப்பாக்கத்துக்குப் போய்விட்டது. 1993-இல் இந்த ஸ்டேடியத்தைப் புதுசாகக் கட்டினார்கள். 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டி இங்கே நடந்தது.

'திரும்ப ஒரு கிரிக்கெட் மேட்ச் வைக்கலாமே' என்று என் ரூம்மேட் கேட்டான். கணக்குப் போட்டுக் காட்டினேன். 400 மீட்டர் டிராக்கில் வளைவின் ஆரம் 36.5 மீட்டர். ஆக உள்ளே அகலம் 73 மீட்டர்தான். இரு பக்கமும் எட்டு லேன், லேனுக்கு 1.22 மீட்டர் என்று கூட்டினாலும் 92.5 தான் வருகிறது. கிரிக்கெட்டுக்கோ பிட்ச் நடுவிலிருந்து பவுண்டரி குறைந்தது 65 கஜம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. இரண்டு பக்கமும் சேர்த்தால் கிட்டத்தட்ட 119 மீட்டர். கேலரியை இடித்தால்தான் உண்டு! (கிள்ளையில் நாம ஆடுற கிரவுண்டை அளக்கச் சொல்லி அவன் மடக்கினான். அதைப் பற்றி இங்கே வேண்டாம்.)

போன லீவில் சென்னை போனபோது அந்த ஸ்டேடியத்தின் கேட்டில் நின்று எட்டிப் பார்த்தேன். பிட்ச் எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று ஒன்றும் பிடிபடவில்லை. வாட்ச்மேன் பெரியவரிடம், "ஐயா, இங்கே டெஸ்ட் மேட்ச் நடந்ததாமே?" என்றேன்.

"இது ஃபுட்பால் கிரவுண்டு தம்பி. கிரிக்கெட்டுன்னா சேப்பாக்கம் போகணும். பஸ் அந்தப் பக்கம் நிக்கும், பாரு" என்றார்.