பயிற்சி நிரம்புமுன் களம் புகுந்தோர்

இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியனுக்குத் துடுப்பாட்டத்தில் என்ன வேலை என அன்பர் சிலர் வினவக்கூடும். கற்றல் எங்கு நிகழினும் அஃது ஆசிரியன் ஆராய்தற்குரிய பொருளே.

போதிய பயிற்சி பெறாத இளைஞன் முதிர்ந்தோர் நிறைந்த தொழின்முறைக் களத்துட் புகுந்தால் யாது நிகழும்? நம் வடபுலத்திலேயே இதற்குச் சான்றுண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற விஜயகாந்த் வியாஸ்காந்த் என்னும் சுழற்பந்து வீச்சாளர், 2020 டிசெம்பரில் லங்கா பிறீமியர் லீக்கில் ஆட அம்பாந்தோட்டையிற் களமிறங்கினார். நம் பாடசாலைகள் பலவற்றில் நெடுங்காலமாகப் பாய் விரித்த ஆடுகளமே வழக்கு. பாயிற் பட்ட பந்து நன்கு எழும்பித் திரும்பும்; புற்றரை ஆடுகளத்தில் அவ்வுதவி எளிதிற் கிட்டாது. எனினும், அன்று அவர் வீழ்த்திய முதல் இலக்கு, இலங்கை அணியின் முன்னாள் தலைவர் அஞ்சலோ மெத்தியூசினது.

ஆயின், ஒருநாள் வெற்றி ஒருவரை முழு வீரராக்கிவிடாது. 2024 மே மாதத்தில் ஐ.பி.எல். அரங்கில் ஐதராபாத் அணிக்காக அவர் முதன்முறை பந்து வீசியபோது இலக்கெதுவும் வாய்க்கவில்லை. நான்கு ஓவர்களில் 27 ஓட்டங்களே கொடுத்தார். அடித்தாட முனைந்தோரைக் கட்டுப்படுத்தும் அந்நிதானம், இடைப்பட்ட மூன்றரை ஆண்டு ஆட்டங்கள் தந்த கல்வியாகும்.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனின் வரலாறு இதனினும் தெளிவானது. டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த அவரைப் பஞ்சாப் அணி 2017 இல் மூன்று கோடி இந்திய ரூபாவுக்கு எடுத்தது. அவ்வாண்டு அவர் சோபிக்கவில்லை. ஐதராபாத் அணியிற் சேர்ந்த பின், 2018, 2019 ஆகிய ஈராண்டும் ஓர் ஐ.பி.எல். ஆட்டத்திலேனும் இறங்கவில்லை. ஆனால், அவர் வாளாவிருக்கவில்லை. முத்தையா முரளிதரன் பந்துவீச்சுப் பயிற்றுநராயிருந்த அவ்வணியில் ஆண்டுதோறும் பயின்றார். 2020 இல் 16 இலக்குகளை வீழ்த்தினார்; 2021 ஜனவரியில் பிறிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். 2017 இன் தோல்வியோடு அவரைக் கைவிட்டிருந்தால் இவ்வீரரை நாடு இழந்திருக்கும்.

ஆகவே, குறைந்த பயிற்சியோடு களம் புகுவது குற்றமன்று. புகுந்தவனுக்குக் கற்கும் அவகாசம் மறுப்பதே குற்றம். போரும் இடப்பெயர்வும் மைதானங்களையும் பயிற்சி ஆண்டுகளையும் பறித்த வன்னி மண்ணுக்கு இஃது இன்றியமையாத பாடம். கிளிநொச்சியிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ ஓரிளைஞன் பெரிய அணிக்குச் செல்வானாயின், முதலாட்டத்தின் எண்களைக் கொண்டு அவனை அளவிடாதிருப்போம். ஈராண்டு அவனுடன் பொறுத்திருக்கும் பயிற்றுநரே அவனுக்கு வாய்க்க வேண்டிய நல்லாசிரியர்.