நஷ்டமடைந்தும் வர்த்தகத்தைக் கைவிடாத சிறு முதலீட்டாளர்கள்: உளவியல் கூறும் காரணம் என்ன?

எஃப் அண்ட் ஓ எனப்படும் பங்கு முன்பேர வணிகத்தில் 2021-22 முதல் 2023-24 வரை ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்ததாக செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கிறது. மொத்த இழப்பு ரூ.1.8 லட்சம் கோடிக்கும் அதிகம். இதைவிட வியப்பளிப்பது, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நஷ்டமடைந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கும் மேற்பட்டோர் விலகவில்லை என்பதே.

இதற்கான விளக்கத்தை டேனியல் கானிமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி ஆகிய உளவியலாளர்கள் 1979-லேயே முன்வைத்தனர். ஆயிரம் ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைக் காட்டிலும் அதே தொகையை இழக்கும் வேதனை பெரிது. ஆகவே, லாபத்தில் இருக்கும்போது எச்சரிக்கையாக நடப்பவர்கூட, நஷ்டத்தில் இருக்கும்போது அதை ஈடுகட்டப் பெரும் ஆபத்தை ஏற்கத் துணிகிறார்.

விலை ஏறிய பங்கை அவசரமாக விற்றுவிட்டு, சரிந்த பங்கை 'வாங்கிய விலையாவது வரட்டும்' என்று ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதும் இதன் விளைவே. அந்த வாங்கிய விலையைச் சந்தை அறியாது. அது முதலீட்டாளரின் மனத்தில் மட்டுமே இருக்கும் எண்.

பங்கை வைத்திருப்பவருக்குக் காத்திருக்க வழியுண்டு. முன்பேர ஒப்பந்தத்துக்கோ காலாவதி நாள் உண்டு. அன்று இழந்ததை மீட்க அடுத்த ஒப்பந்தம் உடனே வாங்கப்படுகிறது.

குறியீட்டு ஒப்பந்தங்களின் குறைந்தபட்ச மதிப்பை ரூ.15 லட்சமாக உயர்த்திய செபி, வாராந்திர காலாவதிகளையும் 2024 நவம்பர் முதல் கட்டுப்படுத்தியது. ஆயினும் 2024-25 நிதியாண்டில் நஷ்டமடைந்த தனிநபர்கள் 91 சதவீதம்.