புளியஞ்சோலையில் ஒரு உப்பு பார்ட்டி!

திருச்சி பக்கம் காலேஜில் படிக்கிறவங்களுக்கு புளியஞ்சோலையைப் பற்றி அறிமுகமே தேவையில்லை. செமஸ்டர் முடிஞ்சதும் துறையூர் வழியா சுமார் 70 கிலோமீட்டர். கொல்லிமலை அடிவாரம், ஐயாற்றுத் தண்ணி, வீட்டிலிருந்து கட்டிவந்த புளிசாதம். குளிச்சோமா, சாப்பிட்டோமா, போட்டோ எடுத்தோமான்னு திரும்பிடுவோம்.

அடுத்த தடவை போகும்போது, குளிக்கிற இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஈர மணலைப் பாருங்க. நல்ல வெயில் நேரத்தில் மஞ்சளும் வெள்ளையுமா பட்டாம்பூச்சிகள் நெருக்கியடிச்சு உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் ஒரு பூகூட இருக்காது. அப்படி என்னத்தைத்தான் உறிஞ்சுது?

உப்பு, பாஸ்!

புழுவா இருந்தப்போ தின்னது முழுக்க இலை. இலையில் சோடியம் ரொம்பக் குறைச்சல். தேனிலும் அதிகம் கிடையாது. அதனால் ஈர மண்ணில் கரைஞ்சிருக்கிற உப்பைத் தேடி வருது. இன்னொரு சுவாரஸ்யம்... இந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான்!

அதுக்கும் காரணம் இருக்கு. அமெரிக்காவின் ஸ்காட் ஸ்மெட்லியும் தாமஸ் ஐஸ்னரும் அங்கே உள்ள ஒரு அந்துப்பூச்சியை ஆராய்ந்து 1996-ல் முடிவை வெளியிட்டாங்க. ஆண் பூச்சி மணிக்கணக்கா சேற்றுத் தண்ணி குடிச்சு சேர்த்த சோடியத்தில் பாதிக்கு மேல், இணை சேரும்போது பெண்ணுக்குப் போயிடுது. பெண் அதில் பெரும்பகுதியை முட்டைகளுக்குப் பிரிச்சுக் கொடுக்குது. சேறு குடிச்ச அப்பாவின் முட்டையில், குடிக்காத அப்பாவின் முட்டையைவிட 2 முதல் 4 மடங்கு சோடியம்! நம்ம ஆளுங்க கிரீட்டிங் கார்டோடு நிறுத்திக்கிறாங்க. பூச்சி சீர்வரிசையே கொண்டுபோகுது.

மெஸ் சரியில்லைன்னா...

பூச்சிகளின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது ரெண்டே விஷயம்னு சொன்னால் பெரிய தப்பில்லை. ஒண்ணு மெஸ், இன்னொண்ணு ரூம்மேட். அதாவது சாப்பாடும் நெரிசலும்.

சிறகு முளைச்ச பிறகு பட்டாம்பூச்சி ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. வளர்ச்சியெல்லாம் புழுப் பருவத்தோடு சரி. எலுமிச்சைத் தளிரில் புழுக்கள் அளவா இருந்தால் ஆளுக்கு வயிறு நிறையும். அதே கிளையில் கூட்டம் கூடி இலை தீர்ந்துபோனால், சிலது சாகும். தப்பிச்சது சின்ன உடம்போடு வெளியே வரும். சின்ன உடம்புப் பெண்ணுக்கு முட்டையும் கம்மி. சின்ன வயசில் பட்ட பட்டினி அடுத்த தலைமுறை வரைக்கும் கணக்கில் ஏறும்.

இந்தக் கணக்கை வெச்சே பூச்சி வளர்க்கிற இடமும் நம்ம ஊரில் உண்டு. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லித்தரும் முறையில், கார்சைரா என்ற அந்துப்பூச்சிக்கு ஒரு தட்டு விருந்தின் மெனு இது: உடைச்ச கம்பு இரண்டரை கிலோ, நிலக்கடலை 100 கிராம், ஈஸ்ட் 5 கிராம், கூடவே கொஞ்சம் கந்தகமும் நோய்க்கிருமியைத் தடுக்கும் மருந்தும். அதில் தூவுற முட்டை வெறும் அரை சிசி. 'வெறும்'னு நினைக்காதீங்க. ஒரு சிசியில் 16 ஆயிரம் முதல் 18 ஆயிரம் முட்டை இருக்கும்!

இன்னும் கொஞ்சம் தூவினால் நிறைய பூச்சி வருமேன்னு ஆசைப்பட்டால், கம்பு சீக்கிரம் தீரும், புழு நோஞ்சானாகும், முட்டை குறையும். முட்டைக்காகத்தானே வளர்க்கிறதே! அந்த முட்டைகளை அட்டையில் ஒட்டி, டிரைக்கோகிரம்மா என்ற பொடிக் குளவியை அதில் முட்டையிட வைக்கிறாங்க. அட்டையைக் கரும்புத் தோட்டத்தில் கட்டினால், வெளிவரும் குளவிகள் இடைக்கணுப் புழுவை முட்டையிலேயே காலி பண்ணிடும். மருந்தடிக்கிற செலவும் மிச்சம்.

கூட்டம் சேர்ந்தால் குணம் மாறும்

தனியா இருக்கும்போது அப்பாவி, கேங் சேர்ந்தால் ஆளே வேறன்னு உங்க கிளாஸில் ஒருத்தன் இருப்பானே... பாலைவன வெட்டுக்கிளி அந்த ரகம். தனியா திரியும் சாதுவும், படையா வந்து பயிரை மொட்டையடிக்கிறதும் வேற வேற இனம்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தாங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு 1921-ல் சொன்னவர் போரிஸ் உவரோவ். நெரிசலில் பின்னங்கால்கள் திரும்பத் திரும்ப உரசும்போது, ரெண்டே மணி நேரத்தில் அதன் போக்கு மாறிடுது. அதுக்குப் பின்னால் இருக்கிறது செரட்டோனின் என்ற ரசாயனம்னு 2009-ல் கண்டுபிடிச்சாங்க. நெரிசலில் வாழ்ந்த தாய், கூட்டம் சேரும் குணத்தைக் குஞ்சுகளுக்கும் கொடுத்து அனுப்புது.

2020 மே மாதம் ராஜஸ்தானில் வெட்டுக்கிளிப் படை புகுந்த சமயம், கிருஷ்ணகிரி மாவட்டம் நேரலகிரியில் எருக்கஞ்செடி முழுக்கப் பூச்சிகளைப் பார்த்து ஊரே மிரண்டது. வேளாண் துறையினர் வந்து பார்த்து, இது பாலைவன வெட்டுக்கிளி இல்லைன்னு சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

இப்போ நம்ம டர்ன்!

சரி, திரும்ப புளியஞ்சோலைக்கு வருவோம். சாப்பிட்டு முடிச்சதும் நாம புதருக்குள் வீசிட்டு வர்ற பிளாஸ்டிக் கப் என்ன ஆகும்? மழைத்தண்ணி தேங்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதுதான் ஹாஸ்டல்.

ஒரு கப்பில் நூறு புழு இருந்தால் சாப்பாடு பத்தாதே, தானா செத்துடாதா? கொஞ்சம் சாகும். ஆனால் தப்பிச்சு வரும் குட்டைக் கொசுவை அலட்சியமா நினைக்க முடியாது. புழுவா இருந்தப்போ சத்து சேராததால், முதல் முட்டைத் தொகுதிக்கே ஒண்ணுக்கு மேற்பட்ட தடவை ரத்தம் குடிக்க வேண்டிவரும். ஒவ்வொரு கடியும் நோய் பரவ ஒரு சான்ஸ்.

பாதித் தண்ணியைக் கொட்டினால்? மிச்சமிருக்கிற புழு அங்கேயே வளரும். முழுசா கவிழ்த்துட்டால்? கப்பின் உள்பக்கச் சுவரில் ஒட்டின முட்டைகள் காய்ஞ்சே மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழை வந்தால் அட்மிஷன் ஓப்பன்!

அதனால் கவிழ்த்துட்டு வர்றது பத்தாது மக்களே, கப்பைக் கையோடு எடுத்துட்டு வரணும். அந்த ஊர்க்காரங்க தினமும் அங்கேதான் இருக்காங்க. நாம ஒரு நாள் விருந்தாளி. அப்படியே அந்த ஈர மணலில் சோப்பு போட்டுக் குளிக்காம, பைக்கையும் ஏத்தாம விடுங்க. அங்கே ஒருத்தன் மணிக்கணக்கா உட்கார்ந்து தன் குழந்தைகளுக்கு உப்பு சேர்த்துட்டிருக்கான்!