மைக்ரோக்ளியாவும் மறதி நோயும்

1919-ஆம் வருஷத்தில் மாட்ரிட் நகரத்து விஞ்ஞானி பியோ டெல் ரியோ ஒர்டேகா, மூளைத் திசுவுக்கு வெள்ளி உப்பினால் சாயமேற்றிப் நுண்ணோக்கியின் கீழ் ஆராய்ந்து, மெல்லிய கிளைகளை நாற்புறமும் நீட்டியிருந்த சிறு உயிரணுக்களைத் தனியே இனம் பிரித்து, அவற்றுக்கு மைக்ரோக்ளியா என்று நாமகரணம் செய்தார். இரத்தத்தில் சஞ்சரிக்கும் வெள்ளை அணுக்களைப் போல எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியாகாமல், கரு உருவாகும் ஆரம்பக் கட்டத்திலேயே கருவுணவுப் பையில் தோன்றி, மூளைக்குள் குடியேறி, அங்கேயே பெருகி ஆயுள் முழுவதும் தங்கிவிடுவது இவற்றின் விசேஷம். கிருமிகளை விழுங்குவதும், மடிந்த அணுக்களை அப்புறப்படுத்துவதும், வளரும் மூளையில் மிகையாக உண்டான நரம்பு இணைப்புக்களைக் களைவதும் இவற்றின் நித்திய கடமைகள்.

அல்ஸைமர் என்னும் மறதி நோயுற்றவர்களின் மூளையில் அமிலாய்ட் என்னும் புரதப் படிவைச் சுற்றி இந்த அணுக்கள் மொய்த்து நிற்பதை வைத்தியர்கள் வெகு காலமாகவே அறிவார்கள். ஆயினும் அது வியாதியின் விளைவேயன்றி வேறல்ல என்பதே பலருடைய அபிப்பிராயமாக இருந்தது. மூளையில் பெரும்பாலும் மைக்ரோக்ளியாவிலேயே தொழிற்படும் ட்ரெம்-2 என்ற மரபணுவில் அபூர்வமானதொரு மாறுதல் உடையவர்களுக்கு இந்நோய் வரும் அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று, ஐஸ்லாந்து மக்களை ஆராய்ந்த குழுவும் மற்றொரு சர்வதேசக் குழுவும் 2013-இல் ஒருங்கே வெளியிட்ட பிறகுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. ட்ரெம்-2 இல்லாத எலிகளில் மைக்ரோக்ளியா படிவை நெருங்கி வளைத்துக்கொள்வதில்லை. படிவு கட்டுக்குலைந்து பரவி, அருகிலுள்ள நரம்பிழைகளைச் சேதப்படுத்துகிறது.

இவ்வளவோடு நின்றிருந்தால், மைக்ரோக்ளியாவுக்கு ஊக்கமளிப்பதே சிகிச்சை என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் 2016-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, படிவு தோன்றுவதற்கு முன்னரே, நோய்க்கூறுள்ள எலிகளில் இவ்வணுக்கள் நல்ல நரம்பு இணைப்புக்களை விழுங்குவதைக் காட்டிற்று. களை பறிக்க வந்த கை பயிரையும் சேர்த்துப் பறிப்பது போன்ற விபரீதம் அது.

மைக்ரோக்ளியா உண்டாக்கும் அழற்சியைத் தணிக்கும் நோக்கத்தோடு நாப்ராக்ஸென் முதலிய மாத்திரைகளை முதியோருக்குக் கொடுத்துப் பார்த்த பரீட்சையில், அவை நோயைத் தடுக்கவில்லை. ட்ரெம்-2-ஐத் தூண்டும் மருந்தொன்றும் 2024-இல் பலனளிக்காது போயிற்று. இவ்விரு தோல்விகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், அடக்குவதா தூண்டுவதா என்ற கேள்வியைவிட, நோயின் எந்தக் கட்டத்தில் எதைச் செய்வது என்ற கேள்வியே முக்கியமானதென்று எனக்குத் தோன்றுகிறது. நோயாளி தம் மக்களின் பெயரை மறக்கும் நிலையில் அந்தக் கேள்வியை எழுப்புவது காலங்கடந்த காரியம்; படிவு சேரத் தொடங்குவதோ அறிகுறிகளுக்குப் பல வருஷங்களுக்கு முன்னரே. அதனால்தான் மைக்ரோக்ளியாவிலிருந்து பிரிந்து மூளைத் தண்டுவட நீரில் கலக்கும் ட்ரெம்-2 புரதத் துண்டின் அளவைக் கணித்து, உயிரோடிருப்பவரின் மூளையில் இவ்வணுக்கள் எந்த நிலையில் உள்ளன என்பதை அறிய ஆராய்ச்சியாளர்கள் முயன்று வருகிறார்கள்.