ஆரஞ்சுப் பழமும் அலங்காரச் சொற்களும்

கடையில் நாம் வழக்கமாக வாங்கும் பொருளை எப்படித் தேடுகிறோம்? பெயரைப் படித்தா எடுக்கிறோம்? பழகிய நிறத்தையும் படத்தையும் கண்டதும் கை தானாகவே நீளுகிறது. எழுத்தறியாத பாட்டிக்கும் தெரிந்த இவ்வுண்மையை விளம்பர வல்லுநர்கள் மறந்த கதை ஒன்றுண்டு.

2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெப்சி நிறுவனத்தார் தம் குளிர்பானத்தின் சின்னத்தை மாற்றும் பணியை நியூயார்க்கின் ஆர்னெல் விளம்பர நிறுவனத்திடம் ஒப்படைத்தனர். புதுச் சின்னத்தின் அருமையை விளக்க அந்நிறுவனத்தார் தயாரித்த 27 பக்க ஆவணம் 2009 பிப்ரவரியில் வெளியே கசிந்தது. சின்னமோ சிவப்பு, வெள்ளை, நீலம் கலந்த ஒரு வட்டம். அதற்குச் சாட்சி சொல்ல ஏதென்சின் பார்த்தினன் கோவில், மோனாலிசா ஓவியம், பூமியின் காந்தப்புலம், பேரண்டத்தின் விரிவு ஆகிய அனைத்தும் அழைக்கப்பட்டிருந்தன! ஓரிடத்தில் ஒளியாண்டை, மணிக்கு இத்தனை மைல் என வேகமாகக் கணக்கிட்டிருந்தார்கள். ஒளியாண்டு என்பது தொலைவின் அளவு என்று நம் பள்ளிப் பிள்ளைகளே சொல்லிவிடுவர்.

ஆயினும் சின்னம் ஏற்கப்பட்டது. 2023-இல் வேறொன்று அறிவிக்கப்படும் வரை நிலைத்தும் நின்றது. வெற்றுச் சொல்லுக்கும் தொழிலில் வெற்றி கிட்டத்தான் செய்கிறது, இதை மறுப்பதற்கில்லை. விளங்காத நான்கு ஆங்கிலச் சொற்களைச் சரளமாகப் பேசிவிட்டால் மகன் முன்னேறிவிட்டான் எனப் பூரிக்கும் பெற்றோர் நம்மிடையே இல்லையா?

அதே துறையில் மற்றொருவரும் வாழ்ந்தார். டேவிட் ஒகில்வி இளமையில் ஸ்காட்லாந்தில் வீடு வீடாகச் சென்று சமையல் அடுப்பு விற்றவர். சமையலறையில் நிற்கும் இல்லத்தரசியிடம் பேரண்டத்தின் விரிவைப் பற்றிப் பேசி அடுப்பு விற்க முடியுமா? 1948-இல் நியூயார்க்கில் விளம்பர நிறுவனம் தொடங்கி உலகப் புகழ் பெற்ற பின்னரும் அவர் அப்பாடத்தை மறக்கவில்லை. பேசுவது போலவே எழுத வேண்டும், சொற்களும் வாக்கியங்களும் சிறியனவாக இருக்க வேண்டும், பொருளற்ற தொழிற்சொற்கள் பகட்டுக்காரரின் அடையாளம் என்று 1982-இல் தம் பணியாளருக்குக் குறிப்பே அனுப்பினார்.

இனி ஆரஞ்சுப் பழத்திற்கு வருவோம். பெப்சி குழுமத்துக்கு அந்நாளில் உரியதாயிருந்த டிராப்பிகானா பழச்சாற்றின் அட்டைப்பெட்டியையும் ஆர்னெல் நிறுவனத்தாரே மாற்றினர். உறிஞ்சுகுழல் செருகிய ஆரஞ்சுப் பழத்தின் படம் அகற்றப்பட்டு, கண்ணாடிக் குவளையில் நிறைந்த சாறு அவ்விடத்தைப் பிடித்தது. 2009 ஜனவரியில் புதிய பெட்டி கடைகளுக்கு வந்தது. அன்றாடம் வாங்கியவர்கள் தட்டில் தேடினார்கள். தங்கள் சாறு எதுவென்று புரியவில்லை. மலிவுச் சரக்கு போல் தோன்றுகிறதென்று பலர் கடிதமும் எழுதினார்கள், தொலைபேசியிலும் முறையிட்டார்கள். இரண்டு மாதத்திற்குள் விற்பனை சுமார் 20 விழுக்காடு சரிந்தது. பிப்ரவரி முடியுமுன்பே நிறுவனத்தார் பணிந்தனர். பழைய பழம் மீண்டும் பெட்டியில் ஏறிற்று.

ஆரஞ்சுப் பழத்தின் வடிவில் அமைத்த மூடியை மட்டும் மற்றொரு வகைச் சாற்றுக்கு வைத்துக்கொண்டார்கள். அது நல்ல யோசனைதான். கண்டவுடன் எவருக்கும் விளங்கிற்று.