‘ஆரோக்கிய உணவு’ – யாருக்கு, எவ்வளவு, எதற்குப் பதிலாக?

பிள்ளை மெலிந்திருக்கிறானே என்ற கவலையில், முட்டை வாங்கும் காசை மிச்சம்பிடித்து, விளம்பரத்தில் வரும் ஊட்டச்சத்துப் பானப் பொடியை வாங்கும் தாய்மார்கள் நம்மிடையே உண்டு. டப்பாவின் முன்பக்கத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று இருந்தால் நம்பிவிடுகிறோம். ஆனால் நம் நாட்டின் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற ஒன்றுக்கு விளக்கமே இல்லை. இதைச் சுட்டிக்காட்டித்தான், இத்தகைய பானங்களை அந்தப் பெயரின் கீழ் விற்க வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய அரசு 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது.

முன்பக்கம் விளம்பரம், விவரம் பின்பக்கத்தில். எந்தப் பொருள் அதிகம் சேர்ந்துள்ளதோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயர்களில் சர்க்கரை இருந்தால், நாம் பெருமளவு இனிப்புக்கே காசு கொடுக்கிறோம்.

டப்பாவில் வராத உணவுக்கும் இதே கவனம் தேவை. “சீனிதான் கெடுதல், தேனும் வெல்லமும் நல்லது” என்று சர்க்கரை நோயாளிகள் பலர் நினைக்கிறார்கள். இரத்தத்தில் சர்க்கரையை இவையும் ஏற்றும். உலக சுகாதார நிறுவனம் தேனையும் சீனியோடு சேர்த்தே கணக்கிடுகிறது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு இவை எல்லாம் சேர்ந்து 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது.

இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதானவருக்கு அதுவே ஆபத்தாகலாம். பேரீச்சம்பழத்தில் நார்ச்சத்து உண்டு, சர்க்கரையும் நிறைய உண்டு. நோன்பு திறக்கும்போது மற்றவர் ஐந்தாறு சாப்பிடலாம். சர்க்கரை நோயாளி ஒன்றிரண்டோடு நிறுத்துவது நலம்.

ஆகவே எந்த உணவையும் தனியாக வைத்து ‘ஆரோக்கியமானது’ என்று முத்திரை குத்த முடியாது. மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது யாருக்கு? எவ்வளவு? எதற்குப் பதிலாக?

மூன்றாவது கேள்விதான் ஏழைக் குடும்பத்துக்கு முக்கியம். டப்பாவுக்குக் கொடுக்கும் காசில் முட்டை, பச்சைப்பயறு, நிலக்கடலை, முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் வாங்கலாம். பிள்ளையின் எடை கூடவில்லை என்றால் முதலில் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டுங்கள். காரணம் தெரியாமல் எந்த டப்பாவையும் வாங்காதீர்கள்.